இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் பேசிய ஆவிகள்

சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். எழும்பூர் வரைக்கும் டிக்கெட் இருந்தும் தாம்பரத்திலேயே இறங்கிவிட்டேன். திருநெல்வேலியில் ஏறியதிலிருந்து நான் ஒழுங்காக உட்காரவில்லை. விழுப்புரத்தில் இறங்கி நடந்தேன், செங்கல்பட்டில் இறங்கி நடந்தேன், வண்டி ஓடும்போது பெட்டிக்குள்ளேயே நடந்தேன். எதிர்ப்பலகையில் படுத்திருந்த ஜவுளி வியாபாரி போர்வையை விலக்கி, "சார், நீங்க நடக்கற நடைக்கு டிக்கெட்டே எடுத்திருக்க வேண்டாம்" என்றார். மறுபடியும் கதவருகே போய் நின்றேன்.

எனக்கு அறுபத்தாறு வயது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியராக இருந்து, பிறகு வேறு ஊரில் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குப் போனவன். சில வருடங்களாக ஒரு புத்தகம் எழுதி வருகிறேன். செத்தவர்களோடு மேசை வழியாகப் பேசும் வழக்கம் சென்னைக்கு எப்படி வந்தது, முதலில் யார் வீடுகளில் நடந்தது என்பதுதான் பொருள். நம் கோடாங்கிகளையும் சாமியாடிகளையும் பற்றியது அல்ல. மாதச் சம்பளம் வாங்கி, சட்டையை இஸ்திரி போட்டு அணிந்தவர்கள், விளக்கைத் தணித்துவிட்டு, கவிழ்த்த டம்ளர் மேல் விரல் வைத்து, அது எழுத்து எழுத்தாக நகர்ந்து செய்தி சொல்லும் என்று உட்கார்ந்ததைப் பற்றியது. ஐந்து அத்தியாயங்கள் எழுதிவிட்டேன். ஆறாவதில் நானே வருகிறேன். அங்கே பேனா நின்றுவிட்டது.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் டம்ளரை என் விரலால் தள்ளினேன். கேள்வி கேட்டவள் ஒரு விதவை. என் கூட வேலை பார்த்த டிராயிங் மாஸ்டர் தங்கராஜின் மனைவி எஸ்தர். அவளைத் தேடிப்பிடித்து, அந்தச் செய்தியை அனுப்பியது உன் புருஷன் அல்ல, நான் என்று சொல்ல வேண்டும். ஆராய்ச்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தது இதற்குத்தான்.

ஸ்டேஷனுக்கு வெளியே டீ பதினைந்து பைசா. குடித்துவிட்டுக் கிழக்குத் தாம்பரத்துக்கு நடந்தேன். மின்சார ரயில்கள் கடற்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. தலைக்கு மேல் விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று அதே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றியது. நான் இருந்த காலத்தில் வேலிக்காத்தான் முள்காடாகக் கிடந்த மனைகளில் இப்போது மாடி வீடுகள். வாசலில் பெயர்ப்பலகை, பெயருக்குப் பின்னால் பட்டம்.

ஞானமணி அண்ணன் வீடு மட்டும் மாறவில்லை. ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். எங்கள் கூட்டம் நடந்தது அவர் வீட்டு முன்னறையில். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்.

"ஏய், சரித்திரம்! உயிரோடதான் வந்திருக்கியா, இல்ல மேசை வழியா வந்திருக்கியா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "வந்தவங்களை முதல்ல உக்கார விடுங்க" என்றார்.

மேசை அதே மூலையில் இருந்தது. மூன்று கால், வட்டப் பலகை, ஒரு பக்கம் லேசாகச் சாயும். மேலே ஊறுகாய் ஜாடிகள். நான் ஐந்து அத்தியாயம் எழுதியது இந்த மேசையின் வழித்தடத்தைத்தான். பல்லாவரம் கண்டோன்மென்டில் ஒரு துரைசானி தன் இறந்த குழந்தையோடு பேசுவதற்காகச் செய்யச் சொன்னது என்பது ஒரு கதை. சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு ஒருவர் ஏலத்தில் எடுத்து, பரங்கிமலையடியில் தன் வீட்டில் வைத்திருந்தார் என்பது இன்னொன்று. அந்தக் கார்டு ஊரைவிட்டுப் போகும்போது ஞானமணி அண்ணனின் மாமனாரிடம் கொடுத்தார் என்பது மட்டும் உறுதி. மேசையோடு அட்டையில் வெட்டிய இருபத்தாறு இங்கிலீஷ் எழுத்துகளையும் கொடுத்தார். முதலில் வந்த ஆவிகள் இங்கிலீஷ்காரர்கள். பிறகு வந்தவை நம்முடையவை. ஆனால் எழுத்து மாறவில்லை. நம் அப்பன் பாட்டன்களும் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழ் பேச வேண்டியதாயிற்று.

"அண்ணே, இத்தனை வருஷத்துல ஒருத்தருக்குமா தமிழ் எழுத்து வெட்டத் தோணல?" என்று கேட்டேன்.

"தோணாம என்ன? இருநூத்து நாப்பத்தேழு எழுத்தையும் சுத்தி வைக்கணும்னா மேசை பத்துமா? கல்யாண மண்டபம்தான் புடிக்கணும். டம்ளர் 'அ'விலேர்ந்து 'னௌ'வுக்குப் போறதுக்குள்ள ஆவிக்கு மூச்சு வாங்கிரும்."

நானும் சிரித்தேன். பிறகு அவரே, நான் கேட்காமல், கேட்கப் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னார்.

"உன் புஸ்தகத்துல தங்கராஜ் வந்ததைக் கட்டாயம் போடணும். இந்த வீட்ல வந்ததுலயே அதுதான் பெரிய சாட்சி. வி, ஏ, எல், ஐ. அப்புறம் ஐ, எல், எல், ஏ, ஐ. நீதானே எழுத்தை வாசிச்ச? வளி இல்லை!"

"வலி இல்லை" என்றேன்.

"அதான். வளி இல்லை. ரட்சிப்புக்கு வளி இல்லை. பாவம், மனுஷன் கடைசியில கோயிலுக்கே வராம இருந்தாரே. அந்தம்மா வாசல் கேட்டுக்கிட்ட வந்து என்ன அர்த்தம்னு கேட்டுச்சு. நான்தான் விளக்கிச் சொன்னேன்."

எங்கள் ஊர்க்காரர்கள் நாக்கில் ழகரம் நிற்காது, ளகரமாக வரும். அவர் சொன்னது வழி. நான் தள்ளியது வலி. நோவு. வயிற்றில் புற்று வைத்துச் செத்தவருக்கு இப்போது நோவு இல்லை என்று ஓர் ஆறுதல். எழுத்துகளை உரக்கப் படிப்பதுதான் என் வேலை, அர்த்தம் சொல்வது அல்ல. படித்து முடித்ததும் எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனாள். நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டேன்.

எங்கள் சபையில் வளர்ந்தவர்களுக்கு 'வழி இல்லை' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. செத்தவருக்கு மோட்சம் இல்லை என்று பொருள், அதற்கு மேல் ஒரு தண்டனை கிடையாது.

"அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"செம்பாக்கத்துல இருந்துச்சு. அப்புறம் நம்ம சபையோட ஒட்டல. பரங்கிமலைக் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்துதுன்னு கேள்வி. கத்தோலிக்கங்கதானே செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க, உத்தரிக்கிற ஸ்தலம், ஆத்துமா சுத்தமாகிற இடம், அது இதுன்னு? அந்தம்மாவோட தம்பி ஒருத்தன் நம்ம சபைல மூப்பரா இருக்கான். அவனுக்குத் தலைகுனிவு. பேச்சுவார்த்தை கிடையாது."

டம்ளரைத் தள்ளியது நான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் மனைவி இட்லி கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் போகாமல் செம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். தாம்பரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் இருக்கும், முப்பது பைசா. சேலையூர் தாண்டியதும் வயல். ஏரியில் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. கரையில் வண்ணான் துணிகள் காய்ந்தன. எஸ்தர் இருந்த வீட்டில் வேறு குடும்பம். பக்கத்து வீட்டு அம்மாள் நெல்லைத் துழாவியபடியே சொன்னார்: "டீச்சரம்மா காலி பண்ணிட்டு நாலு வருஷம் ஆவுது சார். கோவிலம்பாக்கத்துல தையல் சொல்லிக் குடுக்கறாங்க. அங்கேர்ந்து மலைக்கு நேர் பஸ்ஸு. அதுக்காகவே போனாங்க."

அதுக்காகவே போனாங்க. ஒரு விரல் தள்ளிய தள்ளு ஒரு பெண்ணை வீடு மாற வைத்திருக்கிறது.

அங்கிருந்து கோவிலம்பாக்கம் முக்கால் மணி நேரப் பயணம். நேரே போயிருக்க வேண்டும். போகவில்லை. தாம்பரத்துக்குத் திரும்பி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கேளம்பாக்கத்தில் ஒரு கிழவர், பல்லாவரத்துத் துரைசானி வீட்டில் சமையல்காரராக இருந்தவர், உயிரோடு இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஆராய்ச்சிக்கு அவர் முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாராம். சந்திப்புக்கு அப்பால் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பாத்திகளின் ஓரமாக அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் ஆள் வாருகோலை நிறுத்திவிட்டு, "இன்னா பெரியவரே, எதுனா தொலைச்சுட்டியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்ப பாத்திய மிதிக்காத நவுரு" என்றான்.

திங்கட்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடவாக்கத்துக்குப் பஸ், ஐம்பது பைசா. அங்கே கூட்டு ரோட்டில் கோவிலம்பாக்கம் வழியாக மலைக்குப் போகும் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததற்குக் காத்து நின்றால் மறுபடியும் திரும்பிவிடுவேன் என்று பயந்து, சைக்கிள் ரிக்ஷாவைக் கூப்பிட்டேன்.

"கோயிலம்பாக்கமா? ரோடு பேஜாரு சார். ரெண்டு ரூபா குடு."

"தையல் டீச்சர் எஸ்தரம்மா வீடு. வழி தெரியுமா?"

"வயி தெரியாம இன்னா சார்? திங்கக்கெயம ஆனா மெயுகுவத்திய காயிதத்துல சுத்திகினு பஸ்ஸுக்கு நிக்குமே, அந்தம்மா வூடுதானே? மய பேஞ்சாலும் நிக்கும். குந்து."

பல் தெரியச் சிரித்து மிதித்தார். பனைமரங்களும் ஒரு செங்கல் சூளையும் பின்னால் போயின. இவர் வாயில் வழி 'வயி' ஆகிவிடுகிறது. வலி வலியாகவே இருக்கும். ஞானமணி அண்ணனிடம் கேட்டதற்குப் பதில் எஸ்தர் இந்த மனிதரிடம் கேட்டிருந்தால் என்று யோசித்தேன். அடுத்தவர் நாக்கின் மேல் பழி போடப் பார்க்கிறேன் என்பதும் உடனே தெரிந்தது.

ஓட்டு வீடு. முன்னறையில் இரண்டு தையல் மிஷின். எஸ்தர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு குனிந்து ஒரு ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"சரித்திர சாரா? வாங்க, வாங்க. இளைச்சுட்டீங்க. அந்த நாற்காலில ஊசி கிடக்கும், பாத்து உக்காருங்க."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "எஸ்தரம்மா, அன்னைக்கு மேசையில வந்தது 'வழி இல்லை'ங்கறது இல்ல. வலி இல்லை. நோவு இல்லைன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து."

மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"வலியா?"

"ஆமா."

"வலி... வழி..." என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ழகரம் சுத்தமாக வந்தது. "என் தம்பி இந்த வாசப்படிய மிதிக்கறதில்ல, தெரியுமா சார்? அக்கா சிலுவை போட்டுக்கறா, மெழுகுவத்தி ஏத்தறான்னு. ஒரு எழுத்தாலயா?" கோபப்படுவாள் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது. "அப்ப அவரு நல்லாத்தான் இருக்காரு. நோவு இல்லைன்னு சொல்றதுக்குத்தான் வந்திருக்காரு. நான்தான் தப்பா..."

அங்கே நிறுத்திக்கொண்டு நான் திரும்பியிருக்கலாம். அவள் காபி போட்டுக் கொடுத்திருப்பாள். என் புத்தகத்துக்கு அழகான ஒரு முடிவும் கிடைத்திருக்கும். அந்த ஆசை எனக்கு வந்தது. வந்ததை மறைக்கவில்லை.

"அதை அவர் சொல்லலம்மா. டம்ளரைத் தள்ளினது நான்."

வெளியே ரிக்ஷாக்காரர் மணியடித்துக்கொண்டு திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

"அப்ப அவரு பேசவே இல்லையா?"

"இல்லம்மா."

ரவிக்கைத் துணியை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"வழி இல்லைன்னாலும் அவரு வந்து சொன்னாரேன்னு இருந்தேன் சார்" என்றாள். பிறகு, "எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

"உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு..."

"எனக்கா? நான்தானே கூட இருந்தேன். கடைசி ராத்திரி தலகாணியப் பல்லால கிழிச்சாரு. வலி இல்லைன்னு அப்போஸ்தலர் பவுலே வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதனாலதான் ஞானமணி அண்ணன் சொன்ன அர்த்தமே சரின்னு பட்டுச்சு." என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லையே சார். வந்து பாத்திருந்தா, தள்ளியிருக்க மாட்டீங்க."

ஒரு முறை வந்தேன் என்று சொன்னேன். கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தேன். வார்டு ஜன்னலிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அது தங்கராஜாக இருக்காது என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். பழத்தை ரயிலில் நானே உரித்துத் தின்றேன். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அந்த ஆறுதல் யாருக்கு வேண்டியிருந்தது என்று அந்த அறையில் நின்றபோதுதான் எனக்கே புரிந்தது.

எஸ்தர் அலமாரியைத் திறந்து காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"நாலரை மணிக்குப் பஸ்ஸு."

"இன்னமும் போகணுமா?" என்று கேட்டுவிட்டேன். மடத்தனமான கேள்வி.

"வாங்கின மெழுகுவத்திய என்ன பண்ணச் சொல்றீங்க? கரன்ட்டு போனா ஏத்தவா?" கதவைப் பூட்டினாள். "நீங்களும் வாங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் வரல."

பரங்கிமலைக்கு நாற்பது பைசா. அவள் டிக்கெட்டை அவளே எடுத்துக்கொண்டாள். வழியில் கீழ்க்கட்டளை ஏரி. அதற்குப் பிறகு புழுதி. மலையடியில் இறங்கிப் படியேறினோம். எனக்கு நடுவிலேயே மூச்சு வாங்கியது, அவள் நிற்கவில்லை. மேலே காற்று பலமாக அடித்தது. மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம் எங்கள் பாத மட்டத்திலிருந்து எழும்பி மேலே போவதுபோல் இருந்தது. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பும் அதற்கப்பால் கடலின் கோடும், தெற்கே தாம்பரம் வரைக்கும் தண்டவாளமும் தெரிந்தன. மூன்று நாளாக நான் அலைந்த ஊர்கள் எல்லாம் அங்கே ஒரு பார்வைக்குள் கிடந்தன.

எஸ்தர் மெழுகுவத்தியை என் கையில் கொடுத்தாள். ஜெபப் புத்தகத்தின் பக்கத்தில்கூட நான் மெழுகுவத்தி வைத்தவன் அல்ல. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் விக்கிரகப் பழக்கம். காற்றுக்கு மறைத்துக்கொண்டு ஏற்றினேன். நிறுத்தி வைப்பதற்குள் உருகிய மெழுகு விரல் மேல் கொட்டியது.

"சுட்டுருச்சா சார்?"

"வலி இல்லம்மா" என்றேன், பழக்கத்தில்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், பக்கத்தில் முழங்காலில் இருந்த ஒரு பெரியம்மாள் முறைக்கும் அளவுக்குச் சிரித்தாள். "இன்னமும் அதே ரெண்டு வார்த்தைதான் சார் உங்களுக்கு."

"வலிக்குதும்மா" என்றேன்.

"ம். அவருகிட்ட சொல்லுங்க" என்று மெழுகுவத்தியைக் காட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

நான் சொன்னதை எழுதவில்லை. மேசையில்லாமல், எழுத்தில்லாமல், பதில் எதிர்பார்க்காமல் ஒரு செத்தவரோடு பேசியது அதுதான் முதல் தடவை. இறங்கும்போது எஸ்தர் மன்னித்தேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "தம்பிகிட்ட நீங்களே வந்து சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவே தாம்பரத்தில் அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் கதவைச் சாத்தினான். அக்காளிடம் போவானா என்று எனக்குத் தெரியாது.

ஞானமணி அண்ணனிடம் சொல்லவில்லை. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இது வெளிவரும் இந்தப் பத்திரிகையை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பவர். அண்ணே, உங்கள் வீட்டில் வந்த பெரிய சாட்சி என்னுடைய வலது கை ஆள்காட்டி விரல். ஜாடிகள் அந்த மேசை மேலேயே இருக்கட்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் கோவில் சுவரில் எழுதியிருக்கும் வசனத்தில் வழி என்ற சொல் வருகிறது. வந்த பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரசங்கம் என் காதில் விழவில்லை. கண் அந்த ழகரத்தின் வாலிலேயே நிற்கிறது. போன திங்கட்கிழமை, கத்தோலிக்கக் கோவில் வாசலில் மெழுகுவத்தி விற்கும் பெண்ணிடம் விலை கேட்டேன். பத்துப் பைசா. ஒன்று வாங்கினேன். "காயிதத்துல சுத்தித் தரட்டா?" என்று கேட்டாள். எங்கள் போதகர் வீடும், எங்கள் சபையார் பாதிப் பேர் வீடும் அந்தத் தெருவில்தான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.